ஊருணி வரைபடத்துக்கு ஜேபெக்கா, பிஎன்ஜியா?

காரைக்குடியில் இருந்துகொண்டு "டைல் போடுகிறேன்" என்றால் ஆத்தங்குடிக் கல் என்றுதான் நினைப்பார்கள். "சதுர அடி என்ன விலை?" என்று சித்தப்பா கேட்டேவிட்டார். என் டைல் 256க்கு 256 பிக்சல். செட்டிநாட்டு ஊருணிகளை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் குறித்து, இணையத்தில் காட்ட அந்த வரைபடத்தைச் சதுரத் துண்டுகளாக வெட்டுகிறேன். துண்டுகளை எந்தப் படக்கோப்பு வகையில் சேமிப்பது என்பதுதான் கேள்வி.

படி 1: வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய லேயர்களைப் பிரியுங்கள். செயற்கைக்கோள் படம் ஒரு தொகுப்பு; ஊருணிக் கோடும் ஊர்ப்பெயரும் வேறு தொகுப்பு.

படி 2: செயற்கைக்கோள் படத்துக்கு ஜேபெக், தரம் 75. யோசிக்கவே வேண்டாம். பிஎன்ஜியில் போட்டால் கோப்பு வீங்கிவிடும்.

படி 3: நான் சறுக்கிய இடம். ஊருணி லேயரையும் ஜேபெக்கிலேயே வெட்டினேன். மேலே வைத்ததும் அடிப்படம் மொத்தமும் கறுப்பாக மூடிவிட்டது. ஜேபெக்குக்கு ஒளிபுகும் தன்மை கிடையாது. சரி, வெள்ளைப் பின்னணியில் தனியாகக் காட்டலாம் என்று பார்த்தால், 'கானாடுகாத்தான்' என்பதில் 'த்' மேலிருந்த புள்ளி சாம்பல் தூளாகச் சிதறிக் கிடந்தது. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக நறுக்கிச் சுருக்கும். எழுத்தோரம் மாதிரி நிறம் சட்டென்று மாறும் இடத்தில் அந்தக் கட்டத்துக்குள் அழுக்கு படியும். ஆங்கிலப் பெயர் தப்பிக்கும், நம் புள்ளி தப்பாது.

ஆகவே கோடும் எழுத்தும் பிஎன்ஜிதான். வெட்டிய பிறகு பிஎன்ஜிகுவான்ட் என்ற சுருக்கும் கருவியில் ஓட்டி 256 நிறத்துக்குக் குறைத்துவிடுங்கள். ஒளிபுகும் தன்மை போகாது. இதைவிட்டு வேறு கருவி தேடி அலைய வேண்டாம். மேடுபள்ளத்தை நிழலாகக் காட்டும் மலைச்சாயல் போட்டால் மட்டும் பட்டை பட்டையாகத் தெரியும். நம் பக்கம் குன்றக்குடி மாதிரி சின்னக் குன்றுகள்தானே!

சில கிலோபைட்டுக்கா இத்தனை பாடு என்று தோன்றும். எண் கூடக் கூட வரைபடம் நெருங்கித் தெரியும். ஜூம் 12இல் ஒரு டைல் இங்கே சுமார் 9.6 கி.மீ. அகலம். அதே இடத்துக்கு ஜூம் 18இல் 4,096 டைல்கள்!

படி 4: ஊருணி லேயரின் பழைய ஜேபெக் ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு, இணையப் பக்கத்தில் வரைபடத்தைக் காட்டும் லீஃப்லெட்டில் அந்த லேயரின் டைல் முகவரியின் கடைசியில் இருக்கும் ஜேபிஜியை பிஎன்ஜி ஆக்குங்கள். நான் மறந்துபோய் ஒரு மணி நேரம் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்சேர்க்கை: வெப்பி என்ற படக்கோப்பு வகை ஏன் இல்லை என்று ஒரு வாசகர் கேட்டார். நல்லதுதான், ஒளிபுகும், கோப்பும் சிறிது. ஜிடால் என்ற வரைபடக் கருவித்தொகுப்பில் 3.6 பதிப்பு முதல், அதிலுள்ள ஜிடால்2டைல்ஸே வெப்பி டைல்களை வெட்டித் தரும். ஆனால் எழுத்து லேயருக்கு, சுருக்கும்போது படத்தில் எதுவும் இழக்காத, அதாவது இழப்பில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். சும்மா விட்டால் இழப்புள்ளதைத்தான் தரும், புள்ளி மறுபடி தூளாகும்.