கொழும்புக் காகமும் ஒரு துண்டு லைனோவும்: வீட்டில் முதல் அச்சு எடுப்பது எப்படி?

என் பெரியப்பா புறக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவராக இருந்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையிலுள்ள தட்டில் அடுக்குவார். அவை இடம் வலம் மாறித்தான் கிடக்கும், ஆனால் அவர் பத்திரிகை வாசிப்பதுபோலச் சரளமாக வாசிப்பார். எப்படி என்று கேட்டால், "எழுத்தை வாசியாதை பிள்ளை, அதின்ரை வடிவத்தைப் பார்" என்பார். லைனோ (லினோலியம் என்ற தரைவிரிப்புத் தகடு) வெட்டி அச்செடுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சொல்லின் பெறுமதி எனக்கு விளங்கியது.

இந்தப் பதிவில் ஒரு காகத்தையும், அதன் கீழே "கொழும்பு" என்ற சொல்லையும் வெட்டிப் பத்துப் பிரதி அச்சிடப் போகிறோம். இயந்திரம் தேவையில்லை, ஒரு மரக்கரண்டி போதும். இரண்டு பின்னேரங்களை ஒதுக்கி வையுங்கள்: ஒன்று வெட்டுவதற்கு, மற்றது அச்சிடுவதற்கு. காகத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. யன்னலைத் திறந்தால் கம்பியில் இருக்கும், பார்த்து வரையலாம். கழுத்துச் சாம்பலை விட்டால் உடம்பு முழுக்கக் கறுப்பு என்பதால் நிழல், சாயல் என்று தலையை உடைக்கவும் தேவையில்லை.

எந்த வகை அச்சு இது?

அச்சுக் கலையில் அடிப்படை வழிகள் நாலு. நாலையும் நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். றப்பர் முத்திரையில் மேடாக நிற்கும் பகுதி மை பிடிக்கிறது, அது புடைப்பு அச்சு. பனையோலையில் எழுத்தாணியால் கீறி, கரி தடவித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கறுப்புத் தங்கும். செப்புத் தகட்டில் அதையே செய்து, ஈரக் கடுதாசியை வைத்து அழுத்தி அந்த மையை வெளியே இழுத்தால் குழி அச்சு. துளையிட்ட தட்டில் மாவைத் தேய்த்துக் கோலம் போடுகிறோமே, அந்தத் தத்துவம்தான் கல்யாண அழைப்பிதழிலும் டீசேட்டிலும் வரும் திரை அச்சு. நாலாவது கல்லச்சு: எண்ணெய்ப் பசையால் கல்லில் வரைந்து, கல்லை நனைத்து, மையை உருட்டினால் ஈரமான இடம் மையை ஏற்காது, வரைந்த இடம் ஏற்கும். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த வழியில்தான்.

நாங்கள் செய்யப் போவது புடைப்பு அச்சு. நாலிலும் மூத்தது இதுவே. திகதியோடு இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சு நூலான வைர சூத்திரம், 868ஆம் ஆண்டு சீனாவில் மரப்பலகை செதுக்கி அச்சிடப்பட்டது.

சாமான்கள்

பத்துக்குப் பதினைந்து சென்ரிமீற்றர் லைனோ ஒன்று. ஆளிவிதை எண்ணெயையும் தக்கைப் பொடியையும் சாக்குத் துணியில் படியவைத்துச் செய்வது இது. இங்கிலாந்தில் பிரெடெரிக் வால்டன் 1860களில் இதைத் தரையில் விரிக்கவென்றுதான் செய்தார். மரத்துக்கு நார் ஓட்டம் உண்டு, குறுக்கே வெட்டினால் சிம்பு கிளம்பும். லைனோவில் அந்தத் தொல்லை இல்லை, எந்தப் பக்கமும் உளி ஓடும். சித்திரப் பொருள் விற்கும் கடைகளில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் செருப்பின் அடிப்பாகத்துக்கு விற்கும் மழமழப்பான றப்பர் ஷீட்டும் சரிவரும். நான் பழகியது அதில்தான்.

வீ வடிவ முனையும் யூ வடிவ முனையும் உள்ள லைனோ உளி, சிறிய றப்பர் ரோலர், மை உருட்ட ஒரு வெள்ளை டைல், மரக்கரண்டி, மெல்லிய கடுதாசி. மைக்கு இரண்டு வழி. நீரில் கரையும் லைனோ மை கழுவ இலேசு, ஆனால் சீக்கிரம் காயும். எண்ணெய் மை ஆழமான கறுப்பைத் தரும், காய நாட்கள் எடுக்கும். ஒப்செட் அச்சகம் நடத்துபவர் யாரையும் தெரிந்திருந்தால் ஒரு கரண்டி கறுப்பு மை கேட்டு வாங்குங்கள். பத்துப் பிரதிக்கு அதுவே தாராளம்.

டைல் வாங்கப் பழைய சோனகத் தெருவுக்குப் போகிறவர்கள் அப்படியே பிரின்ஸ் வீதிக்கும் நடந்து ஒல்லாந்தர் அருங்காட்சியகத்தின் முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த ஒல்லாந்தர்தான் 1737இல் கொழும்பில் சிங்கள எழுத்துகளை வார்த்து நூல் அச்சிட்டவர்கள். தமிழ் அதற்கு வெகுகாலம் முன்பே, 1578இல், கொல்லத்தில் அச்சேறிவிட்டது: "தம்பிரான் வணக்கம்", பதினாறே பக்கம். அந்த எழுத்து ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உலோகத்தில் திருப்பி வெட்டியிருக்கிறார். இனி அந்த வேலை உங்களுக்கு.

வரைந்து, திருப்பிப் போடுதல்

மெல்லிய கடுதாசியில் 4பீ பென்சிலால் காகத்தையும் சொல்லையும் நேராகவே வரையுங்கள். பிறகு கடுதாசியைக் குப்புற லைனோமேல் வைத்து, அசையாமல் ஒட்டி, முதுகுப் பக்கத்தைக் கரண்டியால் தேயுங்கள். பென்சில் கரி லைனோவில் இறங்கும், படமும் தானாகத் திரும்பிவிடும். அதை அச்சிடும்போது மறுபடி திரும்பி நேராக வரும்.

கண்ணால் சரிபார்க்க ஓர் அடையாளம் சொல்கிறேன். "கொ" என்ற எழுத்தின் கொம்பு லைனோவில் வலப்பக்கக் கடைசியில் நிற்க வேண்டும், அரவு "க"வுக்கு இடப்பக்கம் வரவேண்டும். பார்க்க அந்தரமாக இருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

ஜேர்மன் ஓவியர் அல்பிரெக்ட் டியூரர் 1515இல் செய்த காண்டாமிருக மரவெட்டுக்கும் இதே கதிதான். குஜராத்திலிருந்து லிஸ்பனுக்குக் கப்பலில் போன அந்த மிருகத்தை அவர் கண்ணால் கண்டதேயில்லை. ஒரு கடிதத்தையும் குறிப்புப் படத்தையும் வைத்து வரைந்தார். அவருடைய பேனாச் சித்திரத்தில் மிருகம் ஒரு திசையைப் பார்க்கிறது, அச்சில் எதிர்த்திசையைப் பார்க்கிறது. முதுகில் இல்லாத ஒரு சின்னக் கொம்பையும் வைத்துவிட்டார். ஆயிரக்கணக்கில் அச்சாகிப் பரவியதால் ஐரோப்பா நீண்ட காலம் காண்டாமிருகத்தை அப்படியே நம்பியது.

இப்போது மார்க்கர் பேனையை எடுத்து, கடைசியில் கறுப்பாக வரவேண்டிய இடமெல்லாம் நிரப்புங்கள். கறுப்பை விடவேண்டும், மிச்சத்தை வெட்டவேண்டும். பென்சிலால் வரையும்போது கோட்டைப் போடுகிறோம். இங்கே கோட்டைச் சுற்றியுள்ளதை எடுத்துவிட்டுக் கோட்டை நிற்க விடுகிறோம்.

வெட்டுதல்

லைனோ பழையதென்றால் இறுகியிருக்கும். பல்கனி வெயிலில் பத்து நிமிடம் வையுங்கள், எங்கள் வெயிலுக்கு வெண்ணெய்போல இளகிவிடும்.

இடக்கை எப்போதும் உளிக்குப் பின்னால். லைனோவைப் பிடிக்கும் கை உளி போகும் வழியில் ஒருநாளும் இருக்கக்கூடாது. நான் இரண்டாவது நாளே பெருவிரலில் வெட்டிக்கொண்டு இரண்டு தையல் போட்டேன், தழும்பு இன்னும் இருக்கிறது. மேசை ஓரத்தில் ஒரு மரச்சட்டத்தை அறைந்து, லைனோவை அதில் முட்டுக்கொடுத்து, உங்களிடமிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளி வெட்டுங்கள்.

முதலில் வீ முனையால் காகத்தின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு. பிறகு யூ முனையால் வெளிப்பகுதியை வாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் ஆழம் போதும், சாக்குத் துணி தெரிந்தால் கூடிப்போயிற்று. தமிழ் எழுத்தின் சுழிகளில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். "ழு"வில் உளியை வளைக்கப் பார்க்காதீர்கள். உளி பிடித்த கை அப்படியே நிற்கட்டும், மற்றக் கை லைனோவை மெல்லச் சுழற்றட்டும். வளைவு தானாக வரும்.

எல்லாவற்றிலும் கவனமாக இருக்கவேண்டியது "ம்" மேலுள்ள புள்ளி. நாலு பக்கமும் வெட்டியதும் அது ஒரு சின்னத் தீவு. சுவரை நேர்குத்தாக வெட்டினால் ரோலர் பட்டவுடனே பெயர்ந்துவிடும். அடி அகலமாகவும் மேல் ஒடுக்கமாகவும், குவித்து வைத்த மண்போலச் சரிவாக விடுங்கள். எழுதும் புள்ளியைவிட ஒரு மடங்கு பெரிதாகவே வையுங்கள். என் முதல் பலகையில் அது பெயர்ந்தது எனக்குத் தெரியவேயில்லை, பத்துப் பிரதியும் அச்சிட்டு முடித்தேன். பெரியப்பா அச்சுப் பிரதியைப் பார்க்கவில்லை. பலகையை வாங்கிப் பெருவிரலால் தடவி, "புள்ளி எங்கை?" என்றார். "கொழுமபு" என்று பத்துத் தரம் அச்சிட்டிருந்தேன்.

இறகுகளுக்கு வருவோம். ஒவ்வோர் இறகையும் கீறிக் காட்ட கை துடிக்கும். வேண்டாம். கண்ணுக்கு ஒரு புள்ளி, இறக்கையில் ஆறேழு கோடு, அவ்வளவுதான். தன் அச்சுகளால் இதை எனக்குப் படிப்பித்தவர் ஜேர்மனியின் பெண் ஓவியர் கேதே கொல்விட்ஸ். செப்புத் தகட்டில் நுணுக்கமாகக் கீறித் தேர்ந்தவர் அவர். 1914இல், முதலாம் உலகப் போர் தொடங்கிய சில மாதங்களில், இளைய மகன் பீற்றர் களத்தில் இறந்தான். அந்தத் துயரைச் சொல்ல அவருக்கு நுணுக்கம் உதவவில்லை. 1920இல் சிற்பி ஏர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரவெட்டுகளைப் பார்த்துவிட்டு மரத்துக்கு மாறி, போரைப் பற்றி ஏழு மரவெட்டுகள் செய்தார். அவற்றில் "பெற்றோர்" என்ற அச்சில் தாயும் தகப்பனும் முழந்தாளிட்டு ஒருவரில் ஒருவர் சரிந்து, ஒரே கறுப்புத் திரளாக இருப்பார்கள். வெள்ளைக் கோடுகள் கொஞ்சம்தான். பிள்ளையின் படத்தை ஏந்தி வீதியோரம் நிற்கும் தாய்மாரைக் கண்ட எங்களுக்கு அந்தக் கறுப்பை யாரும் விளக்கத் தேவையில்லை. முதல் அச்சு செய்யும் எல்லோரையும் அந்தப் படத்தைத் தேடிப் பார்க்கச் சொல்வேன்.

வெட்டி முடிந்ததா என்று தெரிய, மேலே கடுதாசி வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேயுங்கள், சின்ன வயதில் நாணயத்தை எடுத்ததுபோல. அச்சு எப்படி வரும் என்று மை தொடாமலே தெரிந்துவிடும்.

மை உருட்டுதல்

நீரில் கரையும் மை என்றால் முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். வேர்க்கும், பரவாயில்லை. காற்றுப் பட்டால் டைலிலேயே காய்ந்துவிடும்.

சுண்டுவிரல் நுனியளவு மையை டைலில் வைத்து, ரோலரை மேலும் கீழும் குறுக்கும் உருட்டுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். மை கூடினால் சளசளவென்று ஒட்டி இழுக்கும் சத்தம், சரியான அளவில் மெல்லிய எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஒரு சீற்றம். அந்தச் சத்தம் வந்ததும் லைனோவில் மெல்லிய படையாக உருட்டுங்கள். திரும்ப மை எடுத்து இன்னொரு படை. ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் எழுத்துச் சுழிகள் அடைபட்டுப் போகும்.

அச்சிடுதல்

கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கடுதாசியை எடுங்கள். இரண்டு மூலையைப் பிடித்து ஒரே தடவையில் இறக்குங்கள், வைத்தபின் நகர்த்தக்கூடாது. கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளிநோக்கி வட்ட வட்டமாகத் தேயுங்கள். ஒரு மூலையை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கறுப்புப் போதாவிட்டால் மறுபடி வைத்துத் தேய்க்கலாம், மறு மூலை பிடிபட்டிருக்கும்வரை இடம் மாறாது.

கரண்டி என்றதும் குறைவாக நினைக்கவேண்டாம். 1831 அளவில் வந்த, ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் "பேரலை" கூட இயந்திரத்தில் அச்சானதில்லை. மூங்கில் உறையால் சுற்றிய "பரேன்" என்ற வட்டத் தட்டால், கையாலேயே தேய்த்து எடுத்தது. வரைந்தவர் ஒருவர், பலகை வெட்டியவர் இன்னொருவர், அச்சிட்டவர் வேறொருவர்.

முதல் பிரதி அநேகமாக நன்றாக வராது. கறுப்புக்குள் உப்புத் தூவியதுபோல வெள்ளை தெரிந்தால் மையோ அழுத்தமோ போதாது. எழுத்து அடைத்திருந்தால் மை கூடிவிட்டது, இரண்டு தரம் பழைய கடுதாசியில் எடுத்துவிட்டு மறுபடி மெல்லிதாக உருட்டுங்கள். வெட்டிய வெளியில் உளித்தடங்கள் கீற்றுக் கீற்றாக விழுந்திருந்தால் இன்னும் கொஞ்சம் வாரலாம். நான் சிலதை விட்டுவிடுவேன். காகத்தைச் சுற்றிக் காற்று அசைவதுபோல இருக்கும்.

காயவைத்தலும் இலக்கமும்

கொடியில் கிளிப் போட்டுத் தூக்குங்கள். எண்ணெய் மை எங்கள் ஈரக்காற்றில் நாலைந்து நாள் எடுக்கும், மழைக் காலமென்றால் இன்னும் கூட. காய்ந்தபின் படத்துக்குக் கீழே இடப்பக்கம் பென்சிலால் 1/10, 2/10 என்று எழுதி, வலப்பக்கம் கையெழுத்திடுங்கள். 3/10 என்றால் பத்தில் மூன்றாவது பிரதி, மூன்றாந்தரம் என்று பொருளல்ல. பத்தும் மூலப் பிரதிகளே.

எண்ணெய் மையைக் கழுவத் தின்னர் தேவையில்லை. சமையல் எண்ணெய் கொஞ்சம் விட்டுத் துணியால் துடைத்து, பிறகு சவர்க்காரம் போடுங்கள். ரோலரைப் படுக்கவைக்காமல் தொங்கவிடுங்கள், படுத்தால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். பலகையையும் எறியாதீர்கள். அதே பலகையை மேலும் மேலும் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக நிறங்களை அச்சிடும் முறையைப் ஓவியர் பிக்காசோ பிரான்சின் வலோரிஸ் ஊர் அச்சகக்காரர் ஒருவரோடு சேர்ந்து கையாண்டார். உங்கள் காகத்துக்குச் சாம்பல் கழுத்து வேண்டுமென்றால் அடுத்த பதிவில் அதைச் செய்வோம்.