சந்தைக்குப் போய்விட்டு வந்து முடிவு செய்யுங்கள்

பிரெஞ்சுச் சமையல் கற்க ஆரம்பித்தபோது நான் செய்த முதல் தவறு, ஜனவரி மாதத்தில் ரத்தாத்தூய் என்னும் காய்கறிக் கூட்டைச் செய்ததுதான். பிரான்சின் லியோன் நகரத்தில் அன்று கடும் குளிர். தக்காளி, கத்தரிக்காய், சுக்கினி (பார்க்க வெள்ளரி போன்ற பூசணி வகைக் காய்), குடைமிளகாய் எல்லாம் கடையில் கிடைக்கத்தான் செய்தன. செய்முறையையும் வரி பிசகாமல் பின்பற்றினேன். வந்ததோ சப்பென்று ஒரு சிவப்புக் கூட்டு. நீஸ் நகரத்து உணவான ரத்தாத்தூய்க்கு வெயிலில் பழுத்த காய்தான் ருசி.

அதற்கப்புறம் என்ன சமைப்பது என்று வீட்டில் முடிவு செய்வதை விட்டுவிட்டேன். லியோனின் க்ருவா ரூஸ் பகுதிச் சந்தை திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில் காலையில் நடக்கும். முதல் சுற்றில் எதையும் வாங்காமல் நடப்பேன். எது எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்கிறதோ, அதுதான் அந்த வாரச் சமையல்.

குளிர்காலத்தில் தொடங்குகிறீர்கள் என்றால் லீக்ஸ் வாங்குங்கள். பார்க்கத் தடித்த வெங்காயத்தாள் மாதிரி இருக்கும். தண்டு வெளுப்பாக வளர மண்ணை அணைத்துவிடுவதால் மடிப்புக்குள் மணல் இருக்கும். வேர்ப்பக்கத்தை விட்டுவிட்டு நீளவாக்கில் கீறி, விசிறி போல விரித்து அலசுங்கள். ஒரு மணல் பல்லில் நெறநெறத்தாலும் சூப் போச்சு.

மூன்று லீக்ஸை மெல்லிசாக நறுக்கி, 40 கிராம் வெண்ணெயில் போட்டு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து மூடுங்கள். தீ மிகச் சிறியதாக இருக்கட்டும். பிரெஞ்சில் இதை 'வியர்க்க வைப்பது' என்கிறார்கள். பாத்திரத்தின் பக்கம் காதைக் கொடுங்கள்: சொய்யென்று கேட்டால் சூடு அதிகம், மெல்லிய முணுமுணுப்புதான் கேட்க வேண்டும். பொன்னிறமாக வதக்கிப் பழகிய கை தீயைக் கூட்டத் துடிக்கும். கூட்டாதீர்கள். 12 நிமிடத்தில் லீக்ஸ் நிறம் மாறாமலே கண்ணாடி போலத் துவண்டு, இனிப்பாக மணக்கும். இந்த இனிப்புக்காகத்தான் இவ்வளவு பொறுமையும். பிறகு 400 கிராம் உருளைக்கிழங்கும் ஒரு லிட்டர் தண்ணீரும் சேர்த்து 25 நிமிடம் வேகவிட்டு மசியுங்கள். இறக்கியபின் ஒரு கரண்டி க்ரீம். நான்கு பேர் வயிறாரச் சாப்பிடலாம்.

ஏப்ரலில் அஸ்பாரகஸ் என்னும் தளிர்த்தண்டு வரும். ஜூன் நடுவில் போய்விடும். வெள்ளை வகையென்றால் நுனிக்குக் கீழே தோல் சீவியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் நார் நாராக இருக்கும். உப்புத் தண்ணீரில் வேகவைத்து வினிகிரெட் ஊற்றினால் போதும்: ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு எண்ணெய், கொஞ்சம் கடுகு விழுது. அடுத்து செர்ரி. பிரான்சின் லிமூசான் பக்கத்தில் க்ளாஃபுத்தி (பழத்தின் மேல் முட்டை, பால் கலந்த மாவை ஊற்றிச் சுடும் இனிப்பு) செய்யும்போது கொட்டையை எடுக்கமாட்டார்கள். நானும் எடுப்பதில்லை, பழச்சாறு மாவில் கசியாது. சாப்பிட உட்காருபவர்களிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஆகஸ்ட் வந்துவிட்டதா? சரி, இப்போது ரத்தாத்தூய். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டாதீர்கள். கத்தரிக்காய், சுக்கினி, குடைமிளகாய் மூன்றையும் தனித்தனியாக ஆலிவ் எண்ணெயில் வதக்கி எடுத்து வையுங்கள். கத்தரி எண்ணெயைக் குடிக்கும், சுக்கினி தண்ணீர் விடும். சேர்த்துப் போட்டால் இரண்டும் அவிந்துபோகும். அதே சட்டியில் வெங்காயம், பூண்டு, தோலுரித்த தக்காளி, கூடவே தைம் என்னும் மணமூலிகை, பே இலை. தண்ணீர் வற்றி, கரண்டியால் கோடு இழுத்தால் அடிச்சட்டி ஒரு கணம் தெரிய வேண்டும். அப்போது வதக்கிய காய்களைச் சேர்த்து, சிறு தீயில் 20 நிமிடம் மட்டும் விடுங்கள்.

அன்றைக்கே சாப்பிடலாம். ஆனால் நான் அதிகமாகவே செய்து பாதியை மறுநாளுக்கு ஒதுக்கி வைப்பேன். காலையில் அதைச் சூடாக்கி, நடுவில் குழி செய்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி மூடிவிடுவேன்.