தமிழ் ஆள் ஒருத்தர் வேணுமாம்

அழைப்பு இரவு ஒன்பதரைக்குத்தான் வரும். "அங்கள், தெமள கெனெக் ஓனெ." அங்கிள், தமிழ் ஆள் ஒருத்தர் வேணும் என்பதைச் சிங்களத்தில் சொல்கிறார்கள். விடிய ஐந்தரைக்கு ஹோமாகமவில் நிற்க வேண்டும். என்ன வேடம் என்று கேட்டால், "தெமள முதலாளி கெனெக்" என்பார்கள். சிங்கள டெலி டிராமாக்களில் 22 வருடமாக எனக்கு இதுதான் தொழில். அடகுக்கடைக்காரர் ஐந்து தரம், டொக்டர் மூன்று தரம், பிணம் இரண்டு தரம். இந்தப் பக்கம் வர நினைக்கும் பிள்ளைகள் வழி கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த வழி இது.

முதலில் வில்லியம் ஹூட்கின்ஸைத் தேடிப் பாருங்கள். பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். 1977இல் வந்த 'ஸ்டார் வோர்ஸ்' படத்தில் சுடுபட்டு வெடித்துச் சிதறும் பருத்த விமானி. 1989இல் வந்த 'பேட்மேன்' படத்தில் லஞ்சம் வாங்கும் பொலிஸ்காரர். டெக்சாஸ் மாநிலத்து டலஸ்காரர், லண்டனில் நாடகம் படித்து அங்கேயே தங்கியவர். அந்தக் காலத்தில் ஹொலிவூட் கொம்பனிகள் எல்ஸ்ட்ரீ, பைன்வுட் என்று இங்கிலாந்து ஸ்டூடியோக்களில் படம் எடுத்தன. சின்ன வேடத்துக்கெல்லாம் அமெரிக்காவிலிருந்து ஆள் இறக்கினால் டிக்கெட், ஹோட்டல் என்று செலவு. லண்டனிலேயே குடியிருக்கும் அமெரிக்கர் என்றால் அந்தச் செலவு மிச்சம். எட் பிஷப், ஷேன் ரிமர் என்று இன்னும் இருவர் இப்படிப் பிழைத்தார்கள். தங்களைத் தாங்களே "வாடகை அமெரிக்கர்கள்" என்று பகிடி பண்ணிக்கொள்வார்களாம். இதில் ரிமர் அமெரிக்கரே அல்ல, டொரொண்டோவில் பிறந்த கனடாக்காரர். வெள்ளைக்காரனுக்கு அந்த வித்தியாசம் காதில் விழவில்லை.

நமது கதையும் அதேதான். நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். என்னை யாழ்ப்பாணத்து அப்பா ஆக்குவார்கள், அட்டன் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஆக்குவார்கள். டிரெக்டருக்கு இரண்டும் ஒன்று. வீட்டில் ரி.வி. பார்க்கிற தமிழ்ச் சனத்துக்கு ஒன்றல்ல. வெள்ளவத்தையில் மீன் வாங்கப் போகும்போது கேள்வி கேட்பது அவர்கள்தான். ஆகையால் உங்கள் சரக்கு பேச்சுதான், முகம் இல்லை.

பேச்சைப் பழகுவது இப்படி. வெள்ளவத்தையில் இரவு யாழ்ப்பாண பஸ் புறப்படும் இடத்தில் ஒரு மணித்தியாலம் நில்லுங்கள். "பஸ் போட்டுது" என்று ஒருவர் அலுத்துக்கொள்வார். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில், மலையகத்துக்குப் போகும் பதுளை ரயிலின் மூன்றாம் வகுப்புப் பக்கம் போனால் அதே அலுப்பு "போயிருச்சு" என்று கேட்கும். புறக்கோட்டை முஸ்லிம் துணிக்கடைகளில் "இருக்கிறது" என்பது "ஈக்கிது" ஆகும். மட்டக்களப்பு அம்மா யாராவது தெரிந்தவராக இருந்தால், அவர் "மனே" என்று கூப்பிடும்போது குரல் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். ஒலிப்பதிவு வேண்டாம், அது மரியாதையும் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது வாய்க்குள் முணுமுணுங்கள். சொல்லைப் பிடிப்பது லேசு, இழுவையைப் பிடிக்கத்தான் மாசக்கணக்காகும்.

இது நான் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. இலங்கை வானொலியின் 'கோமாளிகள்' நகைச்சுவை நாடகத்தைப் பற்றி உங்கள் அப்பாமாரிடம் கேளுங்கள். மரிக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால். ஆளுக்கொரு பேச்சுவழக்கு. அந்த வேடத்தின் பெயரே சொந்தப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. 1976இல் படமாகவும் வந்தது.

அடுத்தது வசனம். தமிழ் வசனத்தை யாரோ மொழிபெயர்த்து, பெரும்பாலும் சிங்கள எழுத்தில் தருவார்கள். ஒருமுறை, வெளிநாடு போகும் மகனிடம் தகப்பன் சொல்ல வேண்டியது: "நான் உன்னை மிகவும் நேசிக்கிறேன் மகனே." எந்த யாழ்ப்பாணத்துத் தகப்பன் இதைச் சொல்லியிருக்கிறார்? கெமராவுக்கு முன்னால் திருத்தினால் டிரெக்டருக்கு முகம் கறுக்கும். மேக்கப் போடும்போதே உதவி டிரெக்டரைக் கூப்பிட்டு, பிளேன் டீ ஒன்றைக் கையில் கொடுத்து, "இரண்டு விதமாகச் சொல்கிறேன், எது நல்லதென்று நீங்களே சொல்லுங்கள் தம்பி" என்று கேளுங்கள். நான் சொன்ன இரண்டாவது: "பாஸ்போட் எடுத்தனியோ?" அதுதான் ஒளிபரப்பானது.

உடுப்பையும் நீங்களே கொண்டுபோங்கள். அவர்களிடம் இருப்பது கரை வேட்டியும் ஒரு டப்பா விபூதியும். காலையில் வீட்டில் பேப்பர் பார்க்கும் கணக்காளருக்கும் அதையே பூசுவார்கள். என் பையில் எப்போதும் ஒரு பழைய சாரம், கை வைத்த பெனியன், மூக்குக் கண்ணாடி.

காசு விஷயம்: தொகையையும் போக்குவரத்துச் செலவையும் முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ஒரு கொம்பனி எனக்கு இன்னும் நாலு நாள் சம்பளம் தர வேண்டும்.

முகம் காட்டாத வேலையை இளப்பமாக நினைக்காதீர்கள். ரிமர் 'தண்டர்பேர்ட்ஸ்' பொம்மைத் தொடரில் ஸ்கொட் டிரேசிக்குக் குரல் கொடுத்தவர். பிஷப் 'கெப்டன் ஸ்கார்லெட்'டில் கெப்டன் புளூ. ஹூட்கின்ஸ் ஒலிநூல்கள் வாசித்தார். இங்கே பால்மாவோ வங்கியோ, விளம்பரம் என்றால் பெரும்பாலும் தமிழிலும் வேண்டும். சிக்கல் என்னவென்றால், சிங்களத்தில் முப்பது செக்கனுக்கு அளந்த வசனம் தமிழில் முப்பத்தாறு ஓடும். ஓட்டமாக வாசித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பென்சில் கொண்டுபோங்கள். "உங்களுடைய அன்புக்குரிய குடும்பத்தினருக்காக" என்பதை "உங்கள் குடும்பத்துக்கு" என்று வெட்டிக் காட்டுங்கள். வெட்டத் தெரிந்தவரை மறுபடியும் கூப்பிடுவார்கள்.

மேடையையும் விடாதீர்கள். 2003இல் லண்டன் ரோயல் கோர்ட் தியேட்டரில் ஹூட்கின்ஸ் ஆல்ஃபிரட் ஹிட்ச்கொக்காக நடித்தார். பிறகு அந்த நாடகம் வெஸ்ட் எண்டுக்கும் போனது. அந்த வருடம்தான் அவருக்கு 55 வயதானது. அதிலே அவர் வாடகை அமெரிக்கர் இல்லை, இங்கிலாந்துக்காரர். இரண்டு வருடத்தில் இறந்துபோனார். எனக்குக் கொழும்பு லயனல் வென்ட் அரங்கின் மேடை இதுவரை கிடைக்கவில்லை. தமிழ்ச் சங்க மண்டபத்தில் வருடத்துக்கு ஒன்று போடுகிறோம். மின்விசிறிச் சத்தத்துக்கு மேலால் பேசிப் பழகியதுதான் குரலுக்கு நல்ல பயிற்சி.

கடைசியாக, அழைப்பு வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: அந்த ஆளுக்கு என்ன பெயர், எந்த ஊர், என்ன வேலை. போன மாசமும் கேட்டேன்.

"பெயர் சிவா, அங்கள்."

"சரி, ஊர்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அங்களே ஒன்று போடுங்கள்."

கொட்டாஞ்சேனை என்றேன். 22 வருடத்தில் யாரும் அந்தப் பேச்சை என்னிடம் கேட்டதில்லை. அன்றிரவு கண்ணாடிக்கு முன்னால் நின்று நாலு வரி சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் யாழ்ப்பாணம் வந்துவிட்டது. மனுசி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "இது ஆர்?" என்று கேட்டாள். திரும்பவும் முதலாம் வரியிலிருந்து தொடங்கினேன்.