பருமன் புள்ளிவிவரம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயரத்தை மீட்டருக்கு மாற்றாமல் சென்டிமீட்டரிலேயே வர்க்கப்படுத்தி எடையை வகுத்தால் பிஎம்ஐ (உடல் நிறைக் குறியீடு: கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது) 0.0025 என்று வந்து நிற்கும். அதைப் பார்த்ததும் யாரும் தாமாகவே திருத்திக்கொள்வார்கள். கணக்கு சரியாக வந்து, பொருள் மட்டும் பிசகுகிற தவறுகள்தான் அச்சேறிவிடுகின்றன.

கட்-ஆஃப் (வரம்புக் கோடு) சொல்லாத சதவீதம்

உயரம் 162 செ.மீ., எடை 66 கிலோ உள்ள ஒருவரின் பிஎம்ஐ 25.1. உலக சுகாதார நிறுவன அளவுகோலில் 25 முதல் அதிக எடை, 30 முதல்தான் பருமன். ஆகவே அவருக்கு வெறும் அதிக எடை. இந்தியர்களுக்கென மருத்துவ நிபுணர்கள் 2009-இல் ஏற்ற அளவுகோலிலோ 23 முதலே அதிக எடை, 25 முதல் பருமன். அதே மனிதர் இங்கே பருமனானவர். ஒரே பிஎம்ஐயிலும் ஐரோப்பியரைவிட நம்மவர் உடலில், குறிப்பாக வயிற்றில், கொழுப்பு கூடுதல். குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருகிறது. இந்தியக் கோடு கீழே இறங்கியதற்கு அதுதான் காரணம்.

இனி குழப்பம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு-5 (2019–21) பெண்களில் 24.0%, ஆண்களில் 22.9% பேர் அதிக எடை அல்லது பருமன் என்கிறது. இது 25-க்கு மேல் உள்ள எல்லோரும். 30-ஐத் தாண்டியவர்கள் மட்டும் என்றால் 6.4%, 4.0%. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சர்க்கரை நோய் ஆய்வு) பருமன் 28.6% என்கிறது, ஆனால் அதன் கோடு 25. முதலாவதிலிருந்து 6.4-ஐயும் இரண்டாவதிலிருந்து 28.6-ஐயும் எடுத்து, “சில ஆண்டுகளில் நாலு மடங்கு” என்று தலைப்புப் போட்டால் எப்படி இருக்கும்? போடுகிறார்கள். அமெரிக்காவின் 42.4 சதவீதத்துக்குப் (2017–18) பக்கத்தில் நம் 24-ஐ வைத்து ஆறுதல் அடைபவர்களும் உண்டு. அமெரிக்க எண்ணின் கோடு 30.

தீர்வு அரை வரிதான்: சதவீதத்தை ஒட்டியே கட்-ஆஃப், வயது வரம்பு, ஆண்டு. அந்த அரை வரியை எழுதச் சோம்பல்படுவதுதான் எரிச்சல்.

15 முதல் 49

குடும்ப நலக் கணக்கெடுப்பின் மேற்சொன்ன எண்கள் 15 முதல் 49 வயதினருக்கானவை. ஒல்லியான பதின்வயதினர் உள்ளே, ஐம்பதைத் தாண்டியவர்கள் வெளியே. இண்டியாப் 20-இல் தொடங்குகிறது. இரண்டையும் “வயது வந்தோர்” என்று ஒரே சொல்லில் அடைக்காதீர்கள்.

கர்ப்பிணிகள்

குடும்ப நலக் கணக்கெடுப்பின் பிஎம்ஐ கணக்கில் இவர்கள் இல்லை. பிரசவமாகி இரண்டு மாதத்துக்குள் இருப்பவர்களும் இல்லை.

சதவீதமா, சதவீதப் புள்ளியா

தமிழ்நாட்டுப் பெண்களில் 25-ஐத் தாண்டியவர்கள் நான்காம் கணக்கெடுப்பில் 30.9%, ஐந்தாவதில் 40.4%. உயர்வு 9.5 சதவீதப் புள்ளி. சதவீதமாகச் சொன்னால் ஏறத்தாழ 31.

செருப்பு, கொண்டை

செருப்போடோ கொண்டையோடோ அளந்து, மேலே சொன்ன 162 செ.மீ. மனிதரின் உயரத்தில் 2 செ.மீ. கூடினால் பிஎம்ஐ 24.5. 25 என்ற கோட்டுக்குக் கீழே நழுவிவிடுவார். வாயால் சொன்ன உயரமும் எடையும் இன்னும் மோசம்: உயரத்தைக் கூட்டியும் எடையைக் குறைத்தும் சொல்வது உலக வழக்கம்.

இடுப்பை விட்டுவிடுவது

அதே ஐந்தாம் கணக்கெடுப்பில் இடுப்பு–புட்டச் சுற்றளவு விகிதம் ஆபத்து வரம்பான 0.85 அல்லது அதற்கு மேல் இருந்த பெண்கள் 56.7%. பிஎம்ஐ மட்டும் பார்த்தால் இவர்களில் பெரும்பாலோர் கண்ணில் படவே மாட்டார்கள். இடுப்புச் சுற்றளவு மட்டும் என்றால் இந்திய வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. நாடாவைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே சுற்றி, இயல்பாக மூச்சை விட்டதும் படியுங்கள். பேண்ட் கட்டும் இடத்தில் சுற்றினால் பலருக்குத் தொப்பைக்குக் கீழேதான் நாடா நிற்கும்.