பழைய கேம் கேரக்டருக்குப் புது உருவம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கேம்களைத் தூசி தட்டி மறுபடியும் வெளியிடும் காலம் இது. வேலை கேட்டு வரும் புதியவர்களின் போர்ட்ஃபோலியோவிலும் சோனிக்கோ க்ராஷோ லாராவோ புது உருவத்தில் கட்டாயம் இருக்கிறார்கள். கைத்திறனைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் நாங்கள் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே தவறுகள் அப்படியே திரும்பி வருகின்றன. உடற்கூறு பிசகுவது, நிறங்கள் ஒட்டாமல் போவது எல்லாம் பயிற்சியில் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

காரணம் தெரியாமல் கை வைப்பது

1981இல் டாங்கி காங் கேமில் மரியோ பிறந்தபோது அவருக்குக் கிடைத்தது ஒரு கை எண்ணிக்கைப் பிக்சல்கள்தான். வாய் வரைய இடமில்லாததால் மீசை வந்தது. தலைமுடி வரைவது சிரமம் என்பதால் தொப்பி. கை அசைவது தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சட்டைக்கு மேல் மாட்டும் வார் வைத்த கால்சட்டை, அதாவது ஓவரால். இதைப் படித்ததும் பலர், "இப்போது அந்தத் தடை இல்லையே, எடுத்துவிடலாம்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். வசதி வந்ததும் அந்தக் கேரக்டரை உருவாக்கியவர்களே எதை மாற்றினார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று அடுத்தடுத்த பாகங்களில் பாருங்கள். 1996இல் வந்த முதல் டோம்ப் ரைடரில் லாராவின் பின்னல் இடைக்காட்சிகளில் மட்டும்தான் இருந்தது. விளையாடும்போது கொண்டைதான். 1997இல் இரண்டாம் பாகம் வந்தபோது பின்னல் முதுகில் ஆடியது. அந்தக் கொண்டை வேறு வழியில்லாமல் வைத்தது, அதை மாற்றியதில் தவறே இல்லை. மரியோவோ அதே 1996இல் முப்பரிமாணத்துக்கு வந்தார். மீசையும் தொப்பியும் போகவில்லை. டாங்கி காங்கில் ஓவரால் சிவப்பு, சட்டை நீலம். அந்த நிறங்கள் பிறகு இடம் மாறின, ஓவரால் மட்டும் அப்படியே இருக்கிறது. இது ஒன்றைத் தேடிப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

எமுலேட்டர் படத்தை நம்புவது

எமுலேட்டர் என்பது பழைய கேமை இன்றைய கருவியில் ஓட்டிக்காட்டும் மென்பொருள். ஆனால் அந்தக் கால ஸ்பிரைட்டுகளை, அதாவது பிக்சல்களால் ஆன கேரக்டர் படங்களை, பழைய குழாய் டிவிக்காக வரைந்தார்கள். அந்தத் திரை பிக்சல்களைக் கொஞ்சம் கசியவிட்டு ஒன்றோடொன்று கலந்துவிடும். 1997இல் வந்த கேசில்வேனியா: சிம்பொனி ஆஃப் த நைட்டில் டிராகுலாவின் முகத்தைப் பாருங்கள். இன்றைய திரையில் கண் இருக்கும் இடத்தில் ஒற்றைச் சிவப்புச் சதுரம் தெரியும், குழாய் டிவியில் அதுவே கனலும் கண். சதுரத்தைச் சதுரமாகவே படித்து முகம் வரைந்தால் அது வேறு யாரோ ஒருவருடைய முகம்.

பெரிதாக வரைந்து, பெரிதாகவே ஒப்புதல் வாங்குவது

இதைத்தான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பக்கவாட்டில் ஓடும் பழைய கேம் ஒன்றின் மறுவருகை வேலை அது. கான்செப்ட் ஓவியம் திரை முழுக்க நின்றது. பழுப்புத் தோல் ஜாக்கெட், அதில் ஒவ்வொரு தையலும் தெரியும். கையுறையிலும் அதே தோல். கிளையண்ட் தரப்பில் எல்லோரும் மயங்கிவிட்டார்கள், அந்தக் கூட்டத்திலேயே ஒப்புதல் கிடைத்தது. முப்பரிமாண மாடல் செய்து, மேற்பரப்புக்கு டெக்ஸ்சர் போட்டு, அசைப்பதற்கான எலும்புச் சட்டமான ரிக் மாட்டி, பெரும்பாலான அசைவுகளையும் முடித்த பிறகுதான் கேரக்டரை லெவலுக்குள் இறக்கிப் பார்த்தார்கள்.

விளையாடும் கேமராவில் அவன் உயரம் திரையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பின்னணியோ இடிந்த செங்கல் சுவர். பழுப்பில் பழுப்பு கரைந்துவிட்டது. குத்துகிற கை தெரியவில்லை. நின்றால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறான் என்று புரியவில்லை. உடலைச் சுற்றி ஒளிக்கோடு போட்டார்கள், அசிங்கமாக இருந்தது. கேமராவை அருகில் கொண்டுவந்தார்கள், எதிரி வருவது கடைசி நொடியில்தான் தெரிந்தது. லெவல்களையே திருப்பிக் கட்ட வேண்டிய நிலை. கடைசியில் கேரக்டரைத்தான் மாற்றினார்கள்: தலை பெரிதானது, கையுறை வெளுத்தது. தலையும் உடலும் விகிதம் மாறினால் ரிக் மாறும். கை முகத்தைத் தொடும் அசைவுகள் எல்லாம் பிசகும். விளிம்பைப் பிடித்துத் தொங்கும் உயரம் மாறும், அடி எட்டும் தூரம் மாறும், அடி பட்டதா என்று கணக்கிடும் எல்லையான ஹிட்பாக்ஸ் மாறும். எத்தனை பேருடைய எத்தனை இரவுகள்! பழைய ஸ்பிரைட்டில் வெளுத்த கையுறை ஏற்கெனவே இருந்தது என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. யாரும் அதைச் சிறிதாக வைத்துப் பார்க்கவில்லை.

1996இல் நாட்டி டாக் குழு க்ராஷ் பாண்டிகூட்டை எப்படிக் கட்டியது என்று பாருங்கள். அன்றைய பிளேஸ்டேஷன் திரையில் தெளிவு குறைவு. அதனால் முகபாவம் தெரியப் பெரிய தலை, கழுத்தே கிடையாது. கை தனியாகத் தெரியக் கையுறை. முன்பக்கமா முதுகா என்று சட்டென்று தெரிய மார்பில் வெளிர் நிறம். உருவத்தைக் கட்டும் சின்னப் பரப்புகளான போலிகன்கள் சுமார் 500க்குள் இத்தனையும் நடந்தது. 2017இல் முதல் மூன்று க்ராஷ் கேம்களின் மறுஆக்கமான என். சேன் ட்ரைலஜிக்காக விகேரியஸ் விஷன்ஸ் நிறுவனம் அவனுக்கு ரோமமும் வெளிச்சமும் சேர்த்தது. தலையையும் கையுறையையும் வெளிர் மார்பையும் தொடவில்லை.

அப்படிக் கவனமாகச் செய்த வேலையிலும் ஓரிடம் இடறியது. மூன்று கேம்களுக்கும் ஒரே தாவல் முறை வேண்டும் என்று மூன்றாம் பாகத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். கால் எங்கே படுகிறது என்று பார்க்கும் புதிய மோதல் கணக்கும் சேர்ந்துகொள்ள, முதல் கேமின் சில தாவல்கள் முன்பைவிடக் கடினமாயின. ஆட்டக்காரர்கள் கேட்டார்கள், வெளியீட்டாளர் தரப்பும் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. உருவம் அச்சு அசலாக இருந்தாலும் கால் பதியும் இடம் மாறினால் கை உடனே கண்டுபிடித்துவிடும்.

ஆகவே வேலையின் முதல் நாளே கேரக்டரை வெறும் கறுப்பு உருவமாக நிரப்பி, கேமில் வரப்போகும் பிக்சல் உயரத்துக்குக் குறைத்து, லெவல் படத்தின் மேல் ஒட்டுங்கள். அப்புறம் சாம்பல் நிறத்தில் பாருங்கள். போனில் வரப்போகும் கேம் என்றால் போனிலேயே பாருங்கள். ஒப்புதல் கூட்டத்துக்கு அந்தச் சின்னப் படம்தான் முதலில் போக வேண்டும். தையலையெல்லாம் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

நிஜமாக்குவது

நீல முள்ளெலியான சோனிக்கின் கண்கள் ஒரே வெள்ளைப் பரப்பு, அதில் இரண்டு கருவிழிகள். 2019 ஏப்ரலில் வந்த திரைப்பட முன்னோட்டத்தில் கண்களைப் பிரித்துச் சிறிதாக்கி, மனிதப் பல் வரிசை வைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு வெள்ளை ரோமக் கை கொடுத்திருந்தார்கள். எதிர்ப்பு வெடித்தது. சில நாட்களிலேயே இயக்குநர் மாற்றுவதாக அறிவித்தார், நவம்பரில் வர வேண்டிய படம் 2020 பிப்ரவரிக்குப் போனது. மறுவடிவத்தை வழிநடத்திய டைசன் ஹெஸ், சோனிக் மேனியா கேமின் அனிமேஷனில் வேலை செய்தவர். அவர் வந்ததும் பெரிய கண்ணும் கையுறையும் திரும்பின.

கார்ட்டூன் உடலில் ஒரு பாகத்துக்கு மட்டும் நிஜத்தின் கணக்கைப் போட்டால் மற்ற பாகங்கள் எல்லாம் ஊனமாகத் தெரியும். ரோமம் போடுங்கள், தப்பில்லை, சோனிக்குக்கு அது நன்றாகவே பொருந்தியது. எலும்புக்கூட்டை மட்டும் நிஜ விலங்கிடமிருந்து எடுக்காதீர்கள்.

இருட்டாக்குவது

2006இல், கட்டங்களுக்குள் குண்டு வைத்து விளையாடும் கேமின் நாயகன் பாம்பர்மேனை இரும்புக் கவசம் மாட்டிய கடுகடு வீரனாக்கினார்கள். 2017இல் சூப்பர் பாம்பர்மேன் ஆர் வந்தபோது பழைய உருண்டைத் தலைதான் திரும்பியது. கட்டங்களுக்குள் நாலு பேர் ஓடும்போது எது நம் ஆள் என்று காட்டுவது அந்தத் தலையும் அதன் நிறமும்தான்.

பெல்ட், வார், பக்கிள்

வேண்டாம்.

நிற்கும் படத்தோடு முடிப்பது

விளையாடாமல் விட்டால் சோனிக் காலைத் தட்டிக்கொண்டு நம்மை முறைப்பான். அவன் பொறுமையில்லாதவன் என்று நமக்குத் தெரிவது அதனால்தான், முள்முடியால் இல்லை. போர்ட்ஃபோலியோ அனுப்பும்போது சும்மா நிற்பது, ஓடுவது, அடிபடுவது என்று மூன்று படங்களாவது சேர்த்து அனுப்புங்கள், கேமில் வரும் அதே அளவில்.