கவாய் தீவில் கடலோர வீடு எடுக்கிறீர்களா? முதலில் மாதம், அப்புறம் கரை, கடைசியில்தான் வீடு

முதல் தடவை ஹவாய் போனபோது நான் செய்த தப்பை நிறையப் பேர் செய்கிறார்கள். வாடகை வீட்டுத் தளத்தைத் திறந்து, படம் படமாகத் தள்ளிப் பார்த்து, பால்கனியிலிருந்து கடல் தெரிகிற ஒரு வீட்டில் மயங்கி, அன்றைக்கு ராத்திரியே பணத்தைக் கட்டிவிட்டேன். வீடு இருந்தது ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயின் வடகரையில். நாங்கள் போனது ஜனவரியில். ஏழு நாளும் கடல் நன்றாகத் தெரிந்தது, அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அலை இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்ததால் கணுக்காலுக்கு மேல் நனைக்க முடியவில்லை. பிள்ளைகள் ஆசையாக வாங்கிவந்த ஸ்நார்க்கல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குளியல் தொட்டியில் கிடந்தார்கள்.

அதற்கப்புறம் இரண்டு தடவை போய்வந்துவிட்டேன். அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். வீட்டை முதலில் தேடாதீர்கள். எந்த மாதம் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள், அந்த மாதத்துக்கு எந்தக் கரை சரி என்று பாருங்கள், வீடு தானாக அமையும்.

குளிர்காலத்தில் வட பசிபிக்கில் கிளம்பும் புயல்கள் கிளப்பிவிடும் பேரலைகள் தீவின் வடகரையில் வந்து மோதும். அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வடகரைக் கடல் பார்ப்பதற்குத்தான், இறங்குவதற்கு இல்லை. கோடையில் அதே வடகரையின் ஹனாலே வளைகுடா ஏரி மாதிரி கிடக்கும். அலை அப்போது தெற்கே போய்பூ பக்கம் வரும், ஆனால் வடக்கின் குளிர்கால ஆட்டத்தோடு ஒப்பிட்டால் அது சின்ன விஷயம். மழைக்கதை வேறு. வடகிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று ஈரத்தைச் சுமந்துவந்து நடுவில் நிற்கும் வையாலேயாலே மலையில் கொட்டிவிடும். உலகத்திலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் அந்த மலையுச்சியும் ஒன்று. அதனால் வடக்கும் கிழக்கும் பச்சைப்பசேல், தென்மேற்கு காய்ந்த பூமி. வடக்கே பிரின்ஸ்வில்லில் குடையோடு நிற்கிற அதே நேரத்தில் போய்பூவில் வெயில் மண்டையைப் பிளக்கும்.

ஆக, நவம்பரிலிருந்து மார்ச் வரை போனால் தெற்கே போய்பூவில் வீடு எடுங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை என்றால் வடக்கே பிரின்ஸ்வில், ஹனாலே. இரண்டு கரைக்கும் நடுவில், கிழக்குக் கரையில் காபா, வைலுவா ஊர்கள் இருக்கின்றன. அங்கே வாடகை கொஞ்சம் குறைவு, விமான நிலையம் பக்கம், காற்று அதிகம். நீச்சலுக்குக் கிழக்குக் கடல் பெரும்பாலும் லாயக்கில்லை, ஆனால் ஊர் சுற்ற வசதியான இடம். டிசம்பர் கடைசி இரண்டு வாரமும் புத்தாண்டும் விலை உச்சத்தில் இருக்கும். பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்படாதவர்களுக்கு ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள்.

தீவு சின்னதுதானே, எங்கே தங்கினால் என்ன என்று தோன்றும். வரைபடத்தில் உருண்டையாகத் தெரிகிற தீவைச் சுற்றிவரச் சாலை கிடையாது. வடமேற்கில் நா பாலி பாறைச்சுவர்கள் குறுக்கே நிற்பதால் நெடுஞ்சாலை இரண்டு பக்கமும் வந்து முட்டி நின்றுவிடும். போய்பூவிலிருந்து ஹனாலே போக ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. பிரின்ஸ்வில்லில் தங்கிக்கொண்டு மேற்கே இருக்கும் வைமேயா பள்ளத்தாக்கு பார்க்கக் கிளம்பினால் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. பத்து நாள் இருப்பவர்கள் வடக்கில் பாதி தெற்கில் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம், ஆனால் சுத்தம் செய்யும் கட்டணம் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக விழும். ஒரு வாரத்துக்கு அது கட்டுப்படியாகாது.

பிரித்துத் தங்குகிறவர்கள் வடக்கை முதலில் வையுங்கள். ஹனாலே ஆறு பெருகினால் சாலையை மூடிவிடுவார்கள், அந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கம்தான். ஊருக்குத் திரும்பும் நாளில் அப்படி மாட்டினால் விமானம் போச்சு. 2018 ஏப்ரலில் ஹனாலே அருகே வைப்பாவில் 24 மணி நேரத்தில் 49.69 அங்குலம் மழை கொட்டியது, அமெரிக்காவில் பதிவான ஒருநாள் மழையில் அதுதான் உச்சம். அதற்குப் பிறகு ஹனாலேக்கு அப்பால் வெளியூர்க்காரர்களை 2019 ஜூன் வரை விடவில்லை.

சரி, இப்போது வீடு. கவாயில் கண்ட இடத்தில் வீட்டை நாள் வாடகைக்கு விட முடியாது. போய்பூ, பிரின்ஸ்வில், காபா-வைலுவா கடலோரம், லிஹூயே கடலோரம் போன்ற சில பகுதிகளைத்தான் சுற்றுலாத் தங்கலுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு வெளியே, ஹனாலேயும் ஹயேனாவும் சேர்த்து, பழைய அனுமதி வைத்திருக்கும் வீடுகள் மட்டுமே சட்டப்படி செல்லும். அவற்றுக்கு டிவிஎன்சி (TVNC) என்று தொடங்கும் எண் உண்டு, விளம்பரத்திலேயே அதைப் போட்டிருக்க வேண்டும். வரிப் பதிவு எண்ணும் அப்படியே. எண்ணைக் கேட்டால் வீட்டுக்காரர் மழுப்புகிறாரா, எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அதிகாரிகள் வந்து மூடினால் நடுத்தெருவில் நிற்பது நீங்கள்தான். இன்னொன்று, 'தனியார் கடற்கரை' என்று யாராவது எழுதியிருந்தால் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஹவாயில் கடற்கரை எல்லாம் பொதுச்சொத்து, ஐந்து நட்சத்திர ஓட்டலின் முன்னால் இருக்கிற மணலிலும் நீங்கள் துண்டு விரிக்கலாம்.

விலையைப் பார்க்கும்போது இரவுக் கட்டணத்தை நம்பாதீர்கள். இரவுக்கு 300 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஏழு இரவுக்கு 2,100. சுத்தம் செய்ய 250 என்று போடுவார்கள். அதன் மேல் வரி. மாநிலத் தங்கல் வரி 2026 ஜனவரியிலிருந்து 11 சதவீதம், கவாய் மாவட்டம் போடுவது 3, பொது வரி 4.5, ஆகமொத்தம் 18.5 சதவீதம். கிட்டத்தட்ட 435 டாலர். தளத்தின் சேவைக் கட்டணம் சேராமலேயே இரவுக்கு 400 டாலரைத் தொட்டுவிட்டது. அதனால் கடைசிப் பக்கம் வரை போய் மொத்தத் தொகையை ஏழால் வகுத்துத்தான் இரண்டு வீடுகளை ஒப்பிட வேண்டும். பணத்தைத் திருப்பித் தரும் விதியையும் அப்போதே படித்துவிடுங்கள்.

வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் படிக்கட்டைக் கட்டாயம் கேளுங்கள். கவாயில் தென்னைமரத்தைவிட உயரமாகக் கட்டிடம் எழும்பக் கூடாது என்று சொல்வார்கள், அது கண்ணுக்கு அழகு, ஆனால் மூன்று மாடிக் குடியிருப்புகளில் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. கடல் நன்றாகத் தெரிகிற வீடு என்றால் மேல்மாடி என்று அர்த்தம். முட்டிவலியோடு எங்கள் அம்மா இரண்டாம் தடவை போனபோது ஒரு நாளைக்கு ஒருமுறைதான் இறங்கினார். கீழ்தளம் எடுத்திருந்தால் நேராகப் புல்வெளியில் கால் வைத்திருப்பார். ஏசியும் அப்படித்தான், பல வீடுகளில் இருக்காது. ஜன்னல் பலகைகளைத் திறந்துவிட்டால் காற்று போதும் என்பது அங்கே வழக்கம், வடக்கில் அது சரி, ஆகஸ்ட் மாதம் போய்பூவில் எனக்குப் போதவில்லை. ஜன்னல் திறந்திருந்தால் பல்லி வரும் (நமக்கென்ன, பழகினதுதான்), கூடவே சேவல் சத்தமும் வரும். தீவு முழுக்கக் காட்டுச் சேவல்கள்தான். 1992 செப்டம்பரில் அடித்த இனிகி புயலில் கூண்டு உடைந்து தப்பிய கோழிகளின் வம்சம் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். விடியும்வரை காத்திருக்கிற நாகரிகம் அவற்றுக்கு இல்லை. ரிவ்யூக்களில் சேவல், படி, ஈரவாடை, பூஞ்சை இந்த நான்கு சொற்களையும் தேடிப் பாருங்கள், படங்கள் மறைப்பதை அவை சொல்லிவிடும். மடக்கு நாற்காலி, பனிப்பெட்டி, ஸ்நார்க்கல் சாமான் எல்லாம் அலமாரியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள், இருந்தால் வாடகைச் செலவு நன்றாகக் குறையும்.

வாடகை வீட்டின் பெரிய லாபம் சமையலறைதான். சாப்பாட்டுப் பொருளில் பெரும்பங்கு கப்பலில் வருவதால் ஓட்டலும் கடையும் கையைச் சுடும். இறங்கியதும் லிஹூயேயில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் காஸ்ட்கோ கடையில் பால், தயிர், முட்டை வாங்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள். அரிசி தின்னும் ஊர் என்பதால் ரைஸ் குக்கர் பெரும்பாலும் இருக்கும். சாம்பார்ப் பொடி, கடுகு, பருப்பு போன்ற உலர்ந்த சாமான்களைக் கொண்டுபோகலாம். கறிவேப்பிலைக் கொத்து, செடி, பழம் வேண்டாம், வேளாண் படிவம் நிரப்பச் சொல்வார்கள். உழவர் சந்தையில் முருங்கைக்கீரை கிடைக்கும். அங்கே குடியேறிய பிலிப்பினோக்கள் அதை 'மருங்காய்' என்கிறார்கள், கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வீட்டு ஞாபகமும் வந்தது. ஹனாலே பள்ளத்தாக்கில் பார்க்கிற நீர் நிறைந்த வயல்கள் நெல் இல்லை, சேப்பங்கிழங்கு. தாளிக்கும்போது மட்டும் ஸ்மோக் அலாரம் ஞாபகம் இருக்கட்டும்.

வாடகைக் காரை வீட்டோடு சேர்த்தே முன்பதிவு செய்யுங்கள், கார் இல்லாமல் இந்தத் தீவில் ஒன்றும் நடக்காது. கடற்கரை பார்க்கிங்கில் காருக்குள் பையை விட்டுப் போகாதீர்கள். வடக்கே ஒற்றை வழிப் பாலங்கள் வரும், எதிர்ப்பக்கம் ஐந்தாறு கார் போகவிட்டு அப்புறம் நீங்கள் போவது அந்த ஊர் மரியாதை. சாலையின் வடகோடியில் இருக்கும் ஹயேனா பூங்காவுக்கு வெளிமாநிலத்தவர் முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாது. 2018 மழைவெள்ளத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு 900 பேர் என்று கணக்கு வைத்துவிட்டார்கள். 30 நாளுக்கு முன், ஹவாய் நேரம் நள்ளிரவில் திறப்பார்கள், பார்க்கிங் சீட்டு சில நிமிடத்தில் காலி. கலிபோர்னியாவில் அது கோடையில் அதிகாலை 3 மணி. நாங்கள் சென்னையில் இருக்கும் தம்பியை விட்டுப் போடச் சொன்னோம், அவனுக்குப் பிற்பகல் மூன்றரை.

கடலில் ஒரே விதிதான், உயிர்காப்பாளர் இருக்கிற கடற்கரையில் மட்டும் இறங்குங்கள். தெற்கே போய்பூ பூங்கா, கிழக்கே லிட்கேட், வடக்கே ஹனாலே பெவிலியன் பூங்கா. லிட்கேட்டில் பாறையால் வளைத்துக் கட்டிய குளம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பத்திரமான இடம் தீவில் நான் பார்க்கவில்லை. வடகரையில் லுமஹாய் கடற்கரை படத்தில் சொர்க்கம் மாதிரி இருக்கும், இறங்காதீர்கள். பிரின்ஸ்வில்லில் குவீன்ஸ் பாத் என்கிற பாறைக்குளத்தில் குளிர்கால அலை அடித்துக்கொண்டு போனவர்கள் பலர். சாயங்காலம் போய்பூவில் ஆமைகள் மணலேறிப் படுக்கும், பத்தடி தள்ளி நில்லுங்கள். மாங்க் சீல் என்கிற கடல்நாய் என்றால் ஐம்பதடி. பவளத்துக்குக் கேடு என்று ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன் விற்பதை ஹவாய் 2021 முதல் தடைசெய்திருக்கிறது, துத்தநாகம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு காலை வேளையை வைலுவாவுக்கு ஒதுக்குங்கள். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியின் அமெரிக்கச் சீடர் சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970இல் தொடங்கிய கவாய் ஆதீனம் அங்கே இருக்கிறது. பெங்களூர் அருகே கையால் செதுக்கிய கருங்கல்லைக் கப்பலில் கொண்டுவந்து கட்டிய இறைவன் கோயிலுக்கு 2023 மார்ச்சில் கும்பாபிஷேகம் ஆனது. மதியத்துக்கு மேல் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை, போகும் முன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் ஒரு சிக்கல். வீட்டைப் பத்து மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள், அமெரிக்கப் பெருநிலத்துக்குப் பல விமானங்கள் ராத்திரிதான். மாற்றுத்துணியும் துண்டும் மேலாக இருக்கும்படி பெட்டியை அடுக்கி, சாவியை வைத்துவிட்டு, விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் லிட்கேட்டுக்குப் போய்விடுங்கள். குளிக்கக் குழாய், கழிப்பறை, நிழல் எல்லாம் உண்டு, ஆனால் பெட்டியோடு கார் நிற்பதால் ஒருவர் முறைபோட்டுக் காவல் இருங்கள். விமான நிலையத்தில் பெட்டிகளை வேளாண் துறை சோதிக்கும். அன்னாசியும் தேங்காயும் போகலாம், மாம்பழம் போகாது. மீதி இருந்தால் பூங்கா மேசையிலேயே நறுக்கித் தின்றுவிடுங்கள்.