டி-டைமர் நார்மல் என்றால் ரத்தக்குழாயும் நார்மலா?

கொரோனாவுக்கு அப்புறம் டி-டைமர் என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது. கடலூர்ப் பக்கம் சுகர் உள்ள அம்மாக்கள் சிலர் பேக்கேஜ் டெஸ்ட் எடுத்துவிட்டு, "டி-டைமர், ஃபைப்ரினோஜன் ரெண்டும் நார்மல், அடைப்பு ஒண்ணும் இல்லை" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். முதல் தப்பே அதுதான்.

உறைந்த ரத்தக்கட்டி கரையும்போது உதிரும் துணுக்குதான் டி-டைமர். கால் சிரையிலோ நுரையீரலிலோ கட்டி இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் டாக்டர்கள் அதைக் கேட்பார்கள். தமனிச் சுவரில் வருஷக்கணக்காகப் படிகிற கொழுப்பு அதில் தெரியாது. ஃபைப்ரினோஜன் என்பது ரத்தம் உறைய உதவும் புரதம். அது கூடுவதற்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு, சரி. ஆனால் காய்ச்சல், பல் சீழ், ஆறாத கால் புண் எது வந்தாலும் அது ஏறும். போன வாரம் காய்ச்சலில் படுத்தவர் இந்த வாரம் அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து என்ன பயன்?

கால் வலியைக் கவனிக்காமல் விடுவது இதைவிடப் பெரிய தப்பு. சில்வர் பீச்சில் நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. கொஞ்சம் நின்றால் விடுகிறது. நடந்தால் மறுபடி பிடிக்கிறது. இதை வாதம் என்று சொல்லித் தைலம் தேய்த்தே வருஷத்தை ஓட்டுகிறார்கள். கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்து ஒப்பிடும் எளிய சோதனை இருக்கிறது. கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் கால் தமனியில் அடைப்பு இருக்கலாம். 1.4க்கு மேல் போனாலும் சந்தோஷப்பட வேண்டாம். நாள்பட்ட சுகரில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போனால் எண் பொய்யாக உயரும். அப்போது கால் பெருவிரலில் பிரஷர் பார்ப்பார்கள்.

"பொம்பளைக்கு மாதவிடாய் நிற்கும்வரை மாரடைப்பு வராது" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அந்தப் பாதுகாப்பைச் சுகர் பெருமளவு பறித்துவிடும். நரம்பு மரத்திருந்தால் நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். திடீர் மூச்சிரைப்பு, தாடை வலி, குப்பென்ற வியர்வை வந்தால், கேஸ் என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள்.

கடைசியாக, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஆஸ்பிரின் போடுவது. இதய நோய் இல்லாத 15,480 சுகர்காரர்களிடம் நடந்த அசென்ட் ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. ஆஸ்பிரினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 12 சதவீதம் குறைந்தன. பெரிய ரத்தக்கசிவு 29 சதவீதம் கூடியது. ஆகவே டாக்டர் ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் கணக்கே வேறு.